தாரிணிக்கு இரண்டு வீடுகள்

குழந்தைகள் மனநலப் பிரிவில் புதிதாகச் சேர்ந்த இளம் டாக்டர்களான நீங்கள் எல்லோரும் என்னைப் பார்க்க வந்த அன்று, ஒரே கேள்வியைத்தான் மாற்றி மாற்றிக் கேட்டீர்கள். பைபோலாரின் அறிகுறிகள் எல்லாம் மனப்பாடமாக இருக்கின்றன. ஆனால் ஒரு பிள்ளை எதிரே வந்து உட்கார்ந்ததும் இது நோயா, வயதுக் கோளாறா, வீட்டுச் சண்டையின் பாதிப்பா என்று பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை என்றீர்கள். அன்றைக்கு நான் சொன்ன பதில் எனக்கே திருப்தியாக இல்லை. நீங்களும் வார்டுக்குத் திரும்பும் அவசரத்தில் இருந்தீர்கள். அதனால்தான் இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன்.

மனம் சில வாரங்கள் அளவு மீறிப் பொங்குவதும், பிறகு சில வாரங்கள் அடியோடு வற்றிப்போவதும்தான் அந்த நோய் என்பது உங்களுக்குத் தெரியும். பெரியவர்களிடம் அதை அடையாளம் காண்பது ஓரளவு எளிது. பிள்ளைகளிடம் அப்படியில்லை. பிள்ளை எப்போதும் யாரோ ஒருவருடைய வீட்டில், யாரோ ஒருவருடைய கண்ணுக்கு முன்னால்தான் இருக்கிறது. அது எப்படி இருக்கிறது என்பதை நாம் அந்தக் கண்கள் வழியாகத்தான் அறிகிறோம். அந்தக் கண்கள் ஒன்றையொன்று வெறுத்தால் என்ன ஆகும் என்பதைத் தாரிணியின் குடும்பத்திடம்தான் பார்த்தேன். பெயர்களையும் சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன்.

தாரிணியை அவள் அம்மா வசந்தி அழைத்துவந்தது ஒரு திங்கட்கிழமை. வசந்திக்குப் பினாங்குத் தீவின் எதிர்க்கரையில், பிறை என்ற ஊரில், ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர் வேலை. இரவு ஷிப்ட் முடிந்து, பாலம் கடந்து தீவில் ஆயர் ஈத்தாமில் இருந்த வீட்டுக்குப் போய், மகளை எழுப்பிக் கூட்டிக்கொண்டு நேராக வந்திருந்தார். கம்பெனிச் சட்டையைக்கூட மாற்றவில்லை. தாரிணி அப்போது இடைநிலைப் பள்ளியின் முதல் வகுப்பான படிவம் ஒன்றில் படித்துக்கொண்டிருந்தாள். தலை வாரவில்லை. கைகளைச் சட்டைக்குள் இழுத்துக்கொண்டு, நாற்காலியில் உட்கார்ந்ததும் கண்களை மூடிக்கொண்டாள்.

“சாப்பிட மாட்டேங்கறா டாக்டர். ஸ்கூலுக்குப் போக மாட்டேங்கறா. குளின்னு சொன்னா அழுவறா. அவங்க அப்பா வீட்டுக்கு ஒரு சனி ஞாயிறு போயிட்டு வந்தா. வந்ததுல இருந்து இப்படித்தான். அங்க என்ன நடக்குதுன்னு எனக்குத் தெரியல.”

கணவனும் மனைவியும் பிரிந்து வாழ்ந்தார்கள். விவாகரத்து வழக்கு நடந்துகொண்டிருந்தது. பள்ளி நாட்களில் பிள்ளை அம்மாவிடம், விடுமுறைகளில் அப்பாவிடம் என்று ஏற்பாடு. அப்பா குணசேகரன் பாலத்துக்கு அக்கரையில் ஜூரு என்ற ஊரில் பழைய கார்களை வாங்கி விற்பவர்.

வசந்தியை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுத் தாரிணியிடம் தனியாகப் பேசினேன். ஒவ்வொரு கேள்விக்கும் அதன் பதிலுக்கும் இடையில் நீண்ட இடைவெளி இருந்தது. காத்திருந்தேன். காலையில் எழுந்திருக்காமலே போய்விட்டால் நல்லது என்று தோன்றுகிறதா என்று நேராகக் கேட்டேன். இதைக் கேட்க நீங்கள் தயங்குகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். கேட்டால் பிள்ளையின் மனதில் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று பயப்படாதீர்கள். பெரும்பாலும் பிள்ளைக்கு ஒரு பாரம் இறங்கும். தாரிணி கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, ஆமாம் என்று தலையசைத்தாள்.

“எப்பவுமே இப்படித்தானா? நல்லா இருந்த நேரம் ஒண்ணு சொல்லேன்.”

“அப்பா வீட்டுல. லீவுல. அங்க நான் வேற ஆளு டாக்டர்.”

மறுபடி கண்களை மூடிக்கொண்டாள்.

அன்றைக்கே அவளைக் குழந்தைகள் வார்டில் சேர்த்தேன். வசந்தி இரண்டு விஷயங்கள் கேட்டார். ஒன்று, மனச்சோர்வுக்கான மாத்திரையை உடனே தொடங்க வேண்டும். இன்னொன்று, அப்பா வீடு பிள்ளையைக் கெடுக்கிறது என்று ஒரு வரி எழுதிக் கொடுக்க வேண்டும். இரண்டுக்கும் கொஞ்சம் பொறுங்கள் என்றேன். அவருக்குக் கோபம் வந்தது. வரத்தான் செய்யும். மகள் கண்முன்னால் வாடிக்கொண்டிருக்கிறாள். டாக்டர் பொறு என்கிறாள். ஆனால் ‘வேற ஆளு’ என்ற சொல் என்னைத் தடுத்தது. பைபோலார் உள்ள பிள்ளைக்குச் சோர்வு மாத்திரையை மட்டும் கொடுத்தால், அது பிள்ளையைத் தூக்கி, அளவு மீறிப் பொங்கும் மறுபக்கத்துக்கு எறிந்துவிடக்கூடும். வார்டில் செவிலியர்களின் கண் எப்போதும் அவள்மேல் இருந்தது. அவள் பத்திரமாக இருக்கும்வரை, பொறுமையாக யோசிக்க எனக்கு இடம் இருந்தது.

மறுநாள் குணசேகரன் வந்தார். வார்டு வாசலிலேயே குரல் கேட்டது.

“எம்பிள்ளைக்கு ஒண்ணும் இல்ல டாக்டர்! அவ அம்மா வீட்டுல அடைச்சு வச்சா எந்தப் பிள்ளையும் இப்படித்தான் ஆகும். என்கிட்ட இருக்கறப்ப வந்து பாருங்க, சிங்கம் மாதிரி இருப்பா!”

கையில், பல குழம்புகள் ஊற்றித் தரும் நாசி கண்டார் சோற்றுப் பொட்டலம். மகளுக்குப் பிடிக்கும் என்று கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் வரிசையில் நின்று வாங்கிவந்திருந்தார். தாரிணி அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. அவர் கொஞ்ச நேரம் படுக்கையருகே நின்றார். பிறகு பொட்டலத்தைத் தானே எடுத்துக்கொண்டு வெளியே வந்து, கைப்பேசியை என்னிடம் நீட்டினார்.

“பாருங்க. வருசக் கடைசி லீவுல எடுத்தது.”

காணொளியில் தாரிணி அவருடைய கார் கடையில் நின்றிருந்தாள். வெயிலில் வரிசையாகக் கார்கள், அவர் பேச்சில் காடிகள். ஒரு வாடிக்கையாளர் முன்னால் நின்று, கைகளை வீசி, தமிழும் மலாயும் ஆங்கிலமும் கலந்து கொட்டிக்கொண்டிருந்தாள். என்ஜினைப் பற்றிச் சொன்னாள், வாடிக்கையாளரின் சட்டையின் நிறத்தைப் பற்றிச் சொன்னாள், நடுவில் ஒரு பாட்டு. குணசேகரன் சிரிக்கும் சத்தம் பின்னால் கேட்டது.

“அந்தக் காடிய வித்தே குடுத்துட்டா டாக்டர்! சின்னப் பிள்ள! நாலு ஆள் வேலைய ஒருத்தியா செய்வா. தூக்கமே வேணாம் அவளுக்கு. நல்ல மனசு வேற. கழுத்துல இருந்த சங்கிலியக் கழட்டி காடி கழுவுற பங்ளாதேஷ் பையனுக்குக் குடுத்துட்டா. அவன் பயந்து போயி என்கிட்டயே கொண்டாந்து குடுத்தான்லா.”

மறுபடி ஒருமுறை போடச் சொன்னேன். இம்முறை தாரிணியைப் பார்க்காமல் அந்த வாடிக்கையாளரைப் பார்த்தேன். முதலில் சிரித்துக்கொண்டிருந்தவர், மெல்ல மெல்ல அடியெடுத்துப் பின்னால் போய்க்கொண்டிருந்தார்.

இதை உங்களுக்கு ஏன் விரிவாகச் சொல்கிறேன் என்றால், அன்று வார்டில் எல்லாருக்கும் விஷயம் தெளிவாகிவிட்டது போலிருந்தது. என்னோடு வேலை செய்த இளம் டாக்டர் சொன்னார்: “வீடுதான் காரணம் டாக்டர். ஒரு வீட்டுல சந்தோஷம், ஒரு வீட்டுல துக்கம். பிரிஞ்ச குடும்பத்துல நடக்கறதுதானே?” அது நியாயமான சிந்தனைதான். சண்டைக்கு நடுவில் வாடும் பிள்ளைகளுக்கெல்லாம் பைபோலார் என்று பெயர் வைப்பது பெரிய அநியாயம். அந்தப் பெயரை வைக்க நான் மறுத்த பிள்ளைகள்தான் என் பணியில் அதிகம். ஆனால் இந்த விளக்கத்தில் ஒரு சிக்கல் இருந்தது. அது இரண்டு பெற்றோருக்கும் வசதியாக இருந்தது. அப்பா அம்மாவைக் குற்றம் சொல்லலாம், அம்மா அப்பாவைச் சொல்லலாம். இருவருமே தாங்கள் காண விரும்பாத எதையும் கண்டிருக்கத் தேவையில்லை.

அதற்குள் வழக்குத் தொந்தரவும் வந்துவிட்டது. வசந்தியின் லாயர் தொலைபேசியில் அழைத்து, அறிக்கை எப்போது கிடைக்கும் என்று மரியாதையாகக் கேட்டார். குணசேகரனின் லாயர் அவ்வளவு மரியாதையாகக் கேட்கவில்லை. மருத்துவமனை மேலிடத்திலிருந்தும் எனக்கு ஒரு வார்த்தை வந்தது, தெரிந்ததை எழுதிக் கொடுத்து அனுப்புங்கள், ஏன் இழுக்கிறீர்கள் என்று.

நான் இரண்டு பெற்றோரையும் தனித்தனியே அழைத்து ஒரே விஷயத்தைச் சொன்னேன். நான் தாரிணியின் டாக்டர். பிள்ளை யாரோடு இருக்க வேண்டும் என்று நான் எழுத மாட்டேன். நீதிமன்றத்துக்கு அது வேண்டுமானால் இவளுக்கு வைத்தியம் பார்க்காத வேறொரு டாக்டரை அவர்கள் நியமித்துக்கொள்ளட்டும். எனக்கு வேண்டியது ஒன்றுதான்: நீங்கள் இரண்டு பேரும் ஒரே அறையில் உட்கார்ந்து பேச வேண்டும்.

வசந்தி, “அந்த ஆள் முகத்துல முழிக்க மாட்டேன்” என்றார். குணசேகரன், “அவ வந்தா நான் எந்திரிச்சுப் போயிடுவேன்” என்றார். இரண்டு பேரும் வந்தார்கள். மேசையின் இரு முனைகளில், ஒருவரையொருவர் பார்க்காதபடி நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்கள்.

நான் ஒரு நிபந்தனை வைத்தேன். இந்த அறையில் ‘உங்க வீடு’, ‘எங்க வீடு’ என்ற பேச்சே வரக்கூடாது. எங்கே என்று யாரும் சொல்ல வேண்டாம். எப்போது என்று மட்டும் சொல்லுங்கள். தேதி கேட்டால் யாருக்கும் ஞாபகம் வராது. பண்டிகையைக் கேட்டால் அன்று சமைத்த கறிவரை சொல்வார்கள். பினாங்கில் பண்டிகைக்குப் பஞ்சமா என்ன? தீபாவளியில் தொடங்கினேன்.

“புதுத்துணி போட மாட்டேன்னுட்டா,” என்றார் வசந்தி. “முறுக்குத் தட்டு முன்னால வச்சா திரும்பிப் படுத்துக்கிட்டா. யாரோ சண்டை போட்டுட்டுப் போனாங்க, அதனால…”

“யாருங்கறது வேணாம். அதுக்கப்புறம்?”

“அடுத்த நாள் அப்பாகிட்டப் போனா.”

குணசேகரனைப் பார்த்தேன். அவர் மேசையைப் பார்த்தபடி சொன்னார். “படுத்தேதான் கிடந்தா. காய்ச்சல்னு நினைச்சேன். தொட்டுப் பார்த்தா சுடல. பட்டாசு வாங்கி வச்சிருந்தேன், வெளியவே வரல.”

வசந்தி சட்டென்று தலையைத் திருப்பினார். “அங்கயும் அப்படித்தான் இருந்தாளா? நீங்க சொல்லவே இல்லையே.”

“நீ கேட்டியா?”

நான் குறுக்கே புகுந்து வருடக் கடைசி விடுமுறைக்குப் போனேன். கார் விற்ற கதை மீண்டும் வந்தது. அதைத் தாண்டி, விடுமுறை முடிந்து பிள்ளை அம்மாவிடம் திரும்பியபோது எப்படி இருந்தாள் என்று கேட்டேன்.

“எதுக்கெடுத்தாலும் எதிர்த்துப் பேசுனா,” என்றார் வசந்தி. “டீச்சரையே முட்டாள்னு சொல்லிட்டா. இவர்தான் ஏத்தி விட்டாருன்னு நினைச்சேன்.”

“தைப்பூசத்துல?”

வசந்தியின் முகம் கொஞ்சம் மலர்ந்தது. “தைப்பூசத்துல நல்லா இருந்தா டாக்டர். தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு என்கூடதான் வந்தா. படியில ஓடி ஏறுவா, ஓடி இறங்குவா, மறுபடி ஏறுவா. தண்ணிப் பந்தல்ல நின்னு விடிய விடிய எல்லாருக்கும் மோர் ஊத்துனா. தெரியாத ஆளுங்களையெல்லாம் கட்டிப்பிடிச்சுக்கிட்டா. சீனக் கிழவி ஒருத்தவங்ககிட்ட ஹொக்கியன் பாஷையில பேசினா, இவளுக்கு ஹொக்கியனே தெரியாது! வீட்டுக்கு வந்தும் தூங்கல. முருகனே வந்து பேசறாருன்னு சொன்னா. நான் பக்தின்னு நினைச்சு சந்தோஷப்பட்டேன்.”

சொல்லச் சொல்ல அவர் குரல் இறங்கிக்கொண்டே வந்தது. கடைசி வார்த்தையைச் சொல்லும்போது அவரே குணசேகரன் பக்கம் திரும்பியிருந்தார்.

குணசேகரன் மெதுவாகக் கேட்டார். “உன்கிட்டயும் அப்படி இருந்தாளா?”

அம்மாவிடம் துக்கம், அப்பாவிடம் சந்தோஷம் என்ற கணக்கு அந்த இடத்தில் உடைந்துபோனது. துக்கம் வந்தபோது இரண்டு வீட்டிலும் துக்கம்தான். பொங்கியதும் இரண்டு வீட்டிலும்தான். தைப்பூசத்துக்குப் பிறகு வந்த சீனப் புத்தாண்டு வாரத்தில் எப்படி இருந்தாள் என்று கேட்டேன். சாதாரணமாகத்தான் இருந்தாள், கைப்பேசிக்காகச் சண்டை போட்டாள், ஆரஞ்சு தின்றாள் என்றார்கள் இருவரும். அந்தச் சாதாரண வாரமும் எனக்கு முக்கியம். அதுதான் தாரிணியின் இயல்பு. அந்த இயல்பிலிருந்து அவள் எவ்வளவு தூரம், எத்தனை நாளைக்கு விலகிப் போகிறாள் என்பதைத்தான் நாம் அளக்க வேண்டும். சுட்டியான பிள்ளை எப்போதும் சுட்டியாக இருக்கும். இந்த நோய் வந்துபோகும்.

குடும்பத்தில் யாருக்காவது இப்படி இருந்ததா என்று கடைசியாகக் கேட்டேன். வசந்தி தன் பக்கத்தில் யாருக்கும் இல்லை என்று யோசித்துச் சொன்னார். குணசேகரன் யோசிக்காமல் சொன்னார். “எங்க சைட்ல கிடையாது.”

மறுநாள் காலை என் அறைக் கதவைத் திறக்கும்போது அவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கடை திறக்கப் போகவில்லை. உள்ளே வந்ததும் கதவைச் சாத்தினார்.

“எனக்கு ஒரு தங்கச்சி இருந்தா டாக்டர். கல்யாணி.”

அவர் சொல்லி முடிக்க நேரம் எடுத்தது. கல்யாணி சில மாதங்கள் வீட்டையே தலைகீழாக்குவாள். கடைத்தெருவுக்குப் போனால் எதிரில் வருகிறவர்களையெல்லாம் சாப்பிட அழைத்துவந்துவிடுவாள். பிறகு சில மாதங்கள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருப்பாள். வெளியே சொன்னால் தஞ்சோங் ரம்புத்தான் மனநல மருத்துவமனைக்கு அனுப்பிவிடுவார்கள் என்று வீட்டில் பயம். டாக்டரிடம் காட்டவில்லை. கோயில் கோயிலாகக் கொண்டு போனார்கள். இருபது வயதைத் தாண்டிய கொஞ்ச நாளில், அப்படிப் படுத்திருந்த ஒரு காலத்தில், அவளை இழந்தார்கள். மஞ்சள் காமாலை என்று ஊருக்குச் சொன்னார்கள். வசந்திக்கும் அதையே சொல்லித்தான் கல்யாணம் செய்தார்கள்.

“அந்த வீடியோவுல நான் சிரிக்கறேன்ல டாக்டர்? தாரிணி காடி விக்கறப்ப எனக்குத் தங்கச்சி ஞாபகந்தான் வந்துச்சு. அதே கை, அதே பேச்சு. பயத்துல சிரிச்சேன். நல்லாருக்கா, நல்லாருக்கான்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்.”

முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார். “இதை வசந்திகிட்ட சொல்லிடாதீங்க. உன் ரத்தத்துல வந்ததுன்னு கோர்ட்டுல சொல்லுவாங்க. பிள்ளைய என்கிட்ட விடமாட்டாங்க.”

நண்பர்களே, நீங்கள் இந்த நாற்காலியில் உட்காரும்போது இப்படி ஒரு நிமிடம் கட்டாயம் வரும். ஒரு மனிதர் தன் வாழ்க்கையில் யாரிடமும் சொல்லாததை உங்களிடம் சொல்லிவிட்டு, காப்பாற்றுங்கள் என்பார். அப்போது ஆறுதலுக்காகப் பொய் வாக்குக் கொடுக்காதீர்கள். எனக்கும் அந்த ஆசை வந்தது. சரி குணா, இது நமக்குள் இருக்கட்டும் என்று சொல்லியிருந்தால் அவர் நிம்மதியாகப் போயிருப்பார். ஆனால் அது முடியாத வாக்கு.

“நான் இதைப் போய் வசந்திகிட்டச் சொல்ல மாட்டேன். அது உங்க வாயால வரவேண்டியது. ஆனா தாரிணியோட மருந்து இதை வச்சுத்தான் முடிவாகும், அதனால அவளோட ஃபைல்ல எழுதித்தான் ஆகணும். கோர்ட் உத்தரவு போட்டா ஃபைல் போகும், என்னால மறைக்க முடியாது. அதுக்கு முன்னால நீங்களே சொல்லிட்டா நல்லது. வக்கீல் வாயில கேக்கறதும் உங்க வாயில கேக்கறதும் ஒண்ணு இல்ல.”

“அவ என்னை விட்டு வைக்க மாட்டா.”

“இருக்கலாம். எனக்குத் தெரியாது.”

அவர் எழுந்து போனார். சொல்வாரா மாட்டாரா என்று எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

சொன்னார். அன்று மாலை, வார்டுக்கு வெளியே, மின்தூக்கிக்குப் பக்கத்தில் இருந்த பெஞ்சில். நான் கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றதால் வார்த்தைகள் கேட்கவில்லை. வசந்தி எழுந்து நிற்பது தெரிந்தது. பிறகு அவர் குரல் மட்டும் கதவைத் தாண்டி வந்தது.

“கல்யாணத்துக்கு முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல? இவ பொறந்தப்பவாச்சும் சொல்லியிருக்கலாம்ல? இவ்வளவு நாளா உள்ளுக்குள்ள நான் என்னைத்தான் குத்தம் சொல்லிக்கிட்டிருந்தேன்!”

மின்தூக்கி வந்தது, வசந்தி போய்விட்டார். மறுநாள் வரவில்லை, தன் அக்காவை அனுப்பினார். எல்லாம் கைவிட்டுப் போனது என்றுதான் நினைத்தேன். அவருடைய லாயருக்கு இந்நேரம் விஷயம் போயிருக்கும், வழக்கு இன்னும் கொடுமையாகும், நடுவில் பிள்ளை நசுங்குவாள் என்று மனம் அடித்துக்கொண்டது. குணசேகரன் மகளின் கட்டிலருகே உட்கார்ந்திருந்தார்.

அதற்கு அடுத்த நாள் வசந்தி வந்தார். கண்கள் வீங்கியிருந்தன. நேராகக் குணசேகரனிடம் போனார்.

“கல்யாணிக்கு எந்த வயசுல ஆரம்பிச்சுது?”

“பதிமூணு, பதினாலு இருக்கும்.”

“முதல்ல எப்படி இருந்துச்சு? எனக்கு எல்லாத்தையும் சொல்லுங்க. டாக்டர் முன்னால சொல்லுங்க.”

மூன்று பேரும் என் அறையில் உட்கார்ந்தோம். நாற்காலிகளை யாரும் திருப்பிப் போடவில்லை. அவர் சொல்லச் சொல்ல வசந்தி இடையிடையே, “இவளும் அப்படித்தான்”, “இல்ல, இவ அப்படி இல்ல” என்று சொல்லிக்கொண்டே வந்தார். என் பணிக்காலத்தில் அவ்வளவு துல்லியமான வரலாறு எனக்குக் குறைவாகவே கிடைத்திருக்கிறது. லாயரிடம் வசந்தி சொன்னாரா என்று நான் கேட்கவில்லை. அந்த விஷயம் நீதிமன்றத்துக்குப் போகவே இல்லை என்று பின்னால் தெரிந்துகொண்டேன்.

செய்ய வேண்டிய பரிசோதனைகளைச் செய்து, வேறு காரணங்கள் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, மனநிலையைச் சமன்படுத்தும் மருந்தைத் தொடங்கினோம். தொடங்கும் முன் தாரிணியிடம் நானே சொன்னேன். பெற்றோரிடம் மட்டும் சொல்லிவிட்டுப் பிள்ளையின் வாயில் மாத்திரையைப் போடாதீர்கள். அந்த மருந்தோடு வாழப்போவது பிள்ளைதான். அப்போது அவள் கொஞ்சம் தேறியிருந்தாள், கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நோயின் பெயரையும் அது என்ன செய்யும் என்பதையும் கேட்டுக்கொண்டு, என் பக்கம் திரும்பினாள்.

“மருந்து சாப்பிட்டா, காடி வித்த தாரிணி போயிடுவாளா டாக்டர்?”

இந்தக் கேள்வியை எந்தப் பாடப்புத்தகமும் எனக்குச் சொல்லித் தரவில்லை. அவளுக்குக் கிடைத்த மிக நல்ல நாட்களையே நாம் நோய் என்கிறோம். அவள் பயப்படுவது நியாயம்தானே? போகமாட்டாள் என்று சொல்வது சுலபம். எனக்கு அது நிச்சயமாகத் தெரியாது.

“உன் பேச்சுத் திறமை உன்னோடது, அது நோய் குடுத்தது இல்ல. ஆனா அந்த நாட்கள்ல எது நீ, எது நோய்னு இப்ப என்னால பிரிச்சுச் சொல்ல முடியல. சேர்ந்து கண்டுபிடிப்போம்.”

“கண்டுபிடிக்கற வரைக்கும் சாப்பிடணுமா?”

“ஆமா.”

“சரிலா,” என்றாள், பெரிய மனுஷி மாதிரி.

எல்லாம் உடனே சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். முதல் மருந்தில் கை நடுங்கியது, எழுத்துக் கோணலாகி வகுப்பில் கிண்டல் செய்தார்கள். மாற்றினோம், அடுத்ததில் எடை கூடியது, அழுதாள். சில நாட்கள் மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்துத் துப்பியிருக்கிறாள். அடுத்த வருடம் மறுபடி ஒருமுறை பொங்கியது. ஆனால் அது முற்றும் முன்னே பிடித்துவிட்டோம். அவள் தூங்கவில்லை என்பதை முதலில் கவனித்தவர் வசந்தி. அவர் எனக்கு அழைக்கும் முன் குணசேகரனுக்கு அழைத்தார். குணசேகரன் ஜூருவிலிருந்து பாலம் ஏறி வந்து, இருவரும் சேர்ந்து பிள்ளையை அழைத்துவந்தார்கள்.

அவர்கள் மறுபடி சேர்ந்து வாழவில்லை. அதை நீங்கள் எதிர்பார்த்திருந்தால் மன்னியுங்கள். விவாகரத்து ஆனது. பிள்ளை யாரோடு எந்த நாள் இருப்பது என்பதை வாதாடாமல் பேசியே முடித்துக்கொண்டார்கள். ஒருவரையொருவர் பிடிக்காத இரண்டு பேர் ஒரு பிள்ளையைச் சேர்ந்து பார்த்துக்கொள்ள முடியும் என்பதை நான் அவர்களிடம்தான் கண்டேன்.

ஆனால் அதில் ஒரு புதிய வினை முளைத்தது. நான் ஓய்வு பெறப்போகும் சமயத்தில் மூவரும் வழக்கமான பரிசோதனைக்கு வந்திருந்தார்கள். தாரிணி வளர்ந்திருந்தாள், குட்டையாக முடி வெட்டியிருந்தாள். பள்ளிப் பேச்சுப் போட்டியில் மூன்றாம் இடம் வாங்கியிருந்தாள். உட்கார்ந்ததும் புகாரை ஆரம்பித்தாள்.

“டாக்டர், நீங்க இவங்க ரெண்டு பேர்கிட்டயும் சொல்லுங்க. நான் கொஞ்சம் வேகமா பேசுனா அம்மா முறைக்கறாங்க. கதவ அடைச்சுப் படுத்தா அப்பா தட்டறாங்க. ஃப்ரெண்டுகூடப் போன்ல சிரிச்சா, அம்மா உடனே அப்பாவுக்குப் போன் போடறாங்க! எனக்குச் சிரிக்கவே பயமா இருக்கு.”

வசந்தி, “பயந்தானே டாக்டர், வேற என்ன?” என்றார். குணசேகரன் தரையைப் பார்த்தார். கல்யாணி அவர் மனதை விட்டுப் போகவே மாட்டாள்.

நான் அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. என்ன கவனிக்க வேண்டும் என்பதை மட்டும் திரும்பச் சொன்னேன். தூக்கம் குறைந்தும் களைப்பில்லாமல் இருந்தால் கவனியுங்கள், அது நாள்கணக்கில் தொடர்ந்தால் வாருங்கள். ஒரு சிரிப்பு நோய் இல்லை, ஓர் அழுகை நோய் இல்லை. நோயைக் கண்டுபிடிப்பதில் பாதி, நோய் இல்லாததை விட்டுவிடுவது. பிள்ளையின் சாதாரணக் கோபத்தையும் சாதாரணச் சிரிப்பையும் அவளிடமே விட்டுவைக்க வேண்டும். இதை அவர்களுக்குச் சொன்னது போலவே உங்களுக்கும் சொல்கிறேன்.

இருவரும் தலையாட்டினார்கள். தலையாட்டுவது சுலபம்.

அப்போது குணசேகரன் இறுக்கத்தைக் குறைக்க, அந்த வாரம் தன் கடைக்கு வந்த ஒருவரைப் பற்றிச் சொன்னார். கார் வாங்க வந்தவர் எல்லாவற்றையும் ஓட்டிப் பார்த்துவிட்டு, கடைசியில், தான் ஓட்டி வந்து வாசலில் நிறுத்தியிருந்த சொந்தக் காரையே விற்பனைக்கு நிற்கிறது என்று நினைத்து என்ன விலை என்று கேட்டாராம். தாரிணி வாய்விட்டுச் சிரித்தாள். நாற்காலியில் சரிந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, அறையே அதிரச் சிரித்தாள்.

வசந்தியும் குணசேகரனும் சட்டென்று என் முகத்தைப் பார்த்தார்கள்.

நானும் சிரித்துக்கொண்டிருந்தேன்.